ஓடத் தொடங்குபவர்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்க: முதல் 12 வாரங்களுக்கான வழிகாட்டி

முதல் நாள் ஓடப் போகும்போது எவருக்கும் ஊக்கம் குறைவதில்லை. மூன்றாவது வாரத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. எழும்போதே கால் கனக்கிறது. முந்தைய முறை மூச்சு முட்டியது நினைவுக்கு வருகிறது. இன்று வேண்டாம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அப்படித் தள்ளிப்போட்ட ஓட்டம் மறுநாளும் தள்ளிப்போய், மாத முடிவில் நின்றே போகிறது. இந்த நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் மன உறுதியைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். இதே தடுமாற்றங்களையெல்லாம் கடந்து வந்த பிறகு, ஊக்கம் வடிந்துபோவதற்கு இரண்டு காரணங்களே முதன்மையானவை என்று நான் கருதுகிறேன்: தாங்க முடியாத வேகத்தில் தொடங்குவது ஒன்று, எந்த வாரத்தில் எது கடினமாகும் என்பதை முன்கூட்டியே அறியாதிருப்பது மற்றொன்று. இரண்டையுமே சரிசெய்துகொள்ள முடியும்.

இதற்கு முன் ஓடிப் பழகாத, வயதுவந்த எவருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். வாரத்தில் 3 நாட்கள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடங்கள் என்று 12 வாரங்களுக்கு ஒதுக்க முடிந்தால் போதும்.

1. தொடங்குவதற்கு முந்தைய வாரம்: உடல்நிலையை உறுதிசெய்துகொள்ளுங்கள்

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், ஆஸ்துமா ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, உழைக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்திருந்தாலோ, காரணமின்றி மயங்கி விழுந்திருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, மூட்டுச் சிக்கலுக்கு மருத்துவம் பெற்றுவந்தாலோ, மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். குடும்பத்தில் இளம் வயதில் எவரேனும் திடீரென்று இதயக் கோளாறால் இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாதவர்கள்கூட, உடற்பயிற்சி தொடங்குவோருக்காக வகுக்கப்பட்ட ‘பார்-க்யூ’ என்னும் வினாப்பட்டியலை ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது நல்லது. அதன் 7 பொதுக் கேள்விகளுக்கும் இல்லை என்று நேர்மையாகப் பதிலளிக்க முடிந்தால், மெதுவாகத் தொடங்குவதற்குப் பொதுவாகத் தடையில்லை.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், அண்மையில் எடுத்த ரத்த அழுத்த, சர்க்கரை அளவுகளின் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். “நான் ஓடலாமா?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், இடையிடையே நடந்து, வாரத்தில் 3 நாட்கள் ஓடப் போகிறேன். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். சில ஓட்ட நிகழ்ச்சிகளுக்குப் பதிவுசெய்ய மருத்துவச் சான்றிதழ் தேவைப்படும். அதற்குச் செல்லுபடிக் காலம் உண்டு என்பதால், இப்போதே வாங்கி வைக்காமல், பதிவுசெய்யும் கட்டத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் படியை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். நெஞ்சு வேகமாகத் துடிக்கும்போதெல்லாம் ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சுபவருக்கு ஓட்டத்தின்மீது விருப்பம் வளராது. அந்த அச்சத்தை முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொள்வது மிகுந்த துணையாக இருக்கும்.

2. எதற்குச் செலவிட வேண்டும், எதற்கு வேண்டாம்

தவிர்க்க முடியாத செலவு காலணி ஒன்றுதான். பெண்களுக்கு அதனோடு நன்றாகத் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிராவும் சேரும். காலணியை மாலையில் சென்று வாங்குங்கள், ஏனென்றால் பகல் முழுவதும் நடமாடிய பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது அணியப்போகும் காலுறையைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடையிலேயே சில அடிகள் மெல்ல ஓடிப் பார்க்க இடம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அணிந்த உடனேயே வசதியாக இருக்கும் காலணிதான் உங்களுக்கு உரியது. போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி விற்கப்படுவதை வாங்காதீர்கள். விலை கூடக் கூடக் காயம் குறையும் என்று நம்பவும் தேவையில்லை. பொதுவாக ஒரு காலணி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதால், இந்த 12 வாரங்களில் இரண்டாவது இணை தேவைப்படாது.

இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம், ஆண்டுச் சந்தா கட்டும் செயலி, இறுக்க உடைகள், சத்துப் பானங்கள் ஆகிய எதையும் இப்போது வாங்க வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் முடியும் மெதுவான ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதுமானது. செலவு செய்தால் விட்டுவிட மனம் வராது என்று எண்ணிப் பலர் நிறைய வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பொருள்கள் பின்னர் கண்ணில் படும்போதெல்லாம் குற்ற உணர்வைத் தருகின்றனவே தவிர, ஓட வைப்பதில்லை. எதையேனும் வாங்க ஆசைப்பட்டால், 6 வாரங்களை முடித்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள்

“இந்த வாரம் எப்படியாவது 3 முறை ஓடிவிட வேண்டும்” என்பது விருப்பம் மட்டுமே. “செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய நாட்களில், காலை 6 மணிக்குப் பல் துலக்கியதும் காலணி மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவேன்” என்பதுதான் திட்டம். இந்த வேறுபாட்டின் வலிமையைக் காட்டும் ஆய்வொன்று 2002-இல் வெளியானது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்த அந்த ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கும் குறிப்பை மட்டும் படித்தவர்களில் 35 விழுக்காட்டினரே அடுத்த வாரத்தில் ஒருமுறையேனும் பயிற்சி செய்தனர். அது எதையும் படிக்காதவர்களில் 38 விழுக்காட்டினர் செய்தனர். அதே குறிப்பைப் படித்ததோடு, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்வோம் என்றும் எழுதிக் கொடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தனர். ஒரே ஒரு வாரத்தை அளந்த ஆய்வு அது. ஆகவே ஒருமுறை எழுதியதோடு விட்டுவிடாமல், வாரந்தோறும் புதிதாக எழுதுங்கள்.

அடுத்தடுத்த நாட்களில் ஓட வேண்டாம். இடையில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கட்டும். ஓடும் உடையை முந்தைய இரவே எடுத்து வையுங்கள். மழை பெய்தால் என்ன, வேலை நீண்டால் என்ன என்பதற்கான மாற்று ஏற்பாட்டையும் அதே தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் முடிவு பெரும்பாலும் ஓடாமல் இருப்பதாகவே அமையும். வெயில் கடுமையான பருவத்தில் தொடங்குகிறீர்கள் என்றால், உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை விடியற்காலையையோ பொழுது சாய்ந்த பிறகான நேரத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. நடைபாதை இல்லாத சாலையானால், எதிரே வரும் வாகனங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக ஓடுங்கள்.

4. முதல் நான்கு வாரங்கள்: வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் பின்பற்றப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

புதியவர்களில் பெரும்பாலோர் ஓட்டம் என்றால் பள்ளி நாட்களில் ஓடிய 100 மீட்டர் ஓட்டத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் மூச்சிரைக்கிறது, விலாவில் பிடித்துக்கொள்கிறது, தனக்கு இது வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் கண்டறிந்தது தங்களால் ஓட முடியாது என்பதையன்று. அந்த வேகத்தில் ஓட முடியாது என்பதை மட்டுமே. உடற்பயிற்சியின்போது மனநிலை எப்படி மாறுகிறது என்பதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பான்டெலேமோன் எக்கெகாகிஸ் என்னும் அறிஞரும் மற்றவர்களும் காட்டியுள்ளபடி, மூச்சு வாங்கத் தொடங்கும் எல்லைக்குக் கீழே பயிற்சி செய்யும்போது பெரும்பாலோருக்கு அது இனிமையாகவோ தாங்கக்கூடியதாகவோ இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் ஏறத்தாழ எல்லோருக்கும் கசந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் கசப்போடு முடியும் ஒன்றை மறுபடி செய்ய எவருக்கும் மனம் வராது. வேகத்தைக் குறைப்பதே ஊக்கத்தைக் காப்பாற்றும் முதல் வேலை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை திணறினால் வேகத்தைக் குறையுங்கள். வேகமாக நடக்கும் ஒருவர் உங்களைக் கடந்துபோகிறார் என்றால் அதில் தவறேதும் இல்லை. கடிகாரங்கள் காட்டும் இதயத் துடிப்பு எல்லைகளை நம்பித் தடுமாற வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ தவறாகப் போவது சாதாரணம்.

முதல் வாரத்தில் 5 நிமிடங்கள் விரைவாக நடந்துவிட்டு, 1 நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று 8 முறை செய்து, மீண்டும் 5 நிமிடங்கள் நடந்து முடியுங்கள். உலகெங்கும் புதியவர்கள் பின்பற்றும் ‘கவுச் டு 5கே’ என்னும் 9 வாரத் திட்டமும் இப்படித்தான் தொடங்குகிறது; 30 நிமிடங்கள் நிற்காமல் ஓடுவதே அதன் இலக்கு. இரண்டாவது வாரத்தில் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாகவும் நடையை 2 நிமிடங்களாகவும் வைத்து, முறைகளை 6 ஆகக் குறையுங்கள். மூன்றாவது வாரத்தில் 2 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையும் 5 முறை; நான்காவது வாரத்தில் 3 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையும் 4 முறை. ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். 12 வாரங்கள் என்று சொன்னதே, 9 வாரத் திட்டத்தில் 3 வாரங்கள் திரும்பச் செய்ய நேரும் என்ற கணக்கில்தான்.

ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் எப்போதும் கடினமானவை. தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் ஈடுகொடுத்துக் கொண்டுசேர்க்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த நிமிடங்களில் எழும் “இன்று முடியாது” என்ற எண்ணத்தை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள். முதல் 10 நிமிடங்கள் முடிந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் மட்டும் திரும்புங்கள். பெரும்பாலான நாட்களில் இருக்காது.

5. ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை: மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தில் நீர்மத்தின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆகவே ஐந்தாவது வாரத்தில் மூச்சு எளிதாகி, இன்னும் வேகமாக, இன்னும் நெடுநேரம் ஓடலாம் என்ற உற்சாகம் பிறக்கும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் இந்த வேகத்தில் மாறுவதில்லை. எலும்பு தன்னைத்தானே கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு சுற்று முடியவே மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு காலடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையோடு தரையில் இறங்குகிறது. உற்சாகத்தில் தினமும் ஓடத் தொடங்குபவர்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரம் வலித்து, மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஊக்கம் குறைவாக இருக்கும் நாட்களைவிட அது அளவுக்கு மீறி இருக்கும் நாட்களையே நான் கூடுதலாக எச்சரிப்பேன்.

வலிகளைப் பிரித்தறியப் பழகுங்கள். ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையிலும் கெண்டைக்காலிலும் இரு பக்கமும் பரவலாக வலித்தால், அது பழக்கமில்லாத தசையின் வலி, தானாகவே அடங்கும். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஒரு காலில் மட்டும், ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும் வலி வேறு வகையானது. அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ, ஓய்வாக இருக்கும்போதும் வலித்தாலோ மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், ஓட்டத்துக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் காத்திருக்கவே கூடாது.

கவுச் டு 5கே திட்டத்தைப் பின்பற்றுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது ஓட்டம். அதற்கு முந்தைய ஓட்டத்தில் இடையில் நடையோடு 8 நிமிடங்கள் வீதம் இரண்டு முறை ஓடச் சொல்லும் திட்டம், அடுத்ததில் நடையே இல்லாமல் 20 நிமிடங்கள் ஓடச் சொல்கிறது. பலர் மிரண்டு விலகுவது இங்கேதான். மெதுவாக ஓடினால் பலராலும் அதை முடித்துவிட முடிகிறது. முடியாவிட்டால் இடையில் 10, 12, 15 நிமிடங்கள் என்று படிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஓடும் நேரத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் கூட்டினால் போதும்.

6. குறிப்பேட்டில் எதை எழுதுவது

தேதி, ஓடிய நிமிடங்கள், முடித்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரி: இவ்வளவே போதும். தூரத்தையும் வேகத்தையும் முதல் 8 வாரங்களுக்கு எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த முறை அதை முறியடிக்கத் தோன்றும். நான்காவது பகுதியில் சொன்ன மெதுவான வேகம் அத்தோடு போய்விடும். செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மற்றவர்களின் ஓட்டங்கள் தெரியும் பக்கத்தை மறைத்துவிடுங்கள்.

எடையைக் குறைப்பதற்காக ஓடத் தொடங்குபவர்கள் பலர். அவர்களிடம் கேட்டுக்கொள்வது, எடைக் கருவியைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான். ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினாலும் 350 கிலோகலோரிதான். உணவை மாற்றாமல் இதை மட்டும் நம்பினால் முதல் இரண்டு மாதங்களில் எடை பெரிதாக இறங்காது. இறங்காததைக் கண்டு ஓட்டம் பயனற்றது என்று முடிவுகட்டுவது பெரிய இழப்பு. மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பது குறைந்ததா, முதல் வாரத்தில் ஓடிய அதே வட்டம் இப்போது எளிதாக இருக்கிறதா என்பவற்றை எழுதிவையுங்கள். இந்த மாற்றங்கள் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

7. நாள் தவறும்போது

தவறும், அதற்கும் திட்டம் வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாகவே நிகழும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாட்கள் ஆகின. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது (12 வாரங்களைத் தாண்டியவை கணிப்புகள்). 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, நான்காவது வாரத்திலும் முயன்றுதான் எழ வேண்டியிருக்கிறதே என்று சோர வேண்டாம். அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் தெரியவந்தது.

தவறியதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு ஓட்டங்களைச் சேர்க்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் திரும்பினால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு வாரங்கள் விடுபட்டால் ஒரு வாரம் பின்னே செல்லுங்கள். ஒரு மாதம் விடுபட்டால் பாதித் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஓடக் கூடாது; அது தணிந்த பிறகும் சில நாட்கள் நடந்து பார்த்துவிட்டுத் தொடருங்கள். மனம் மட்டும் ஒத்துழைக்காத நாளில், காலணி மாட்டிக்கொண்டு வெளியே போய் 10 நிமிடங்கள் நடந்துவிட்டு வாருங்கள். அன்றைய ஓட்டம் நடக்காவிட்டாலும், அந்த நாளும் நேரமும் ஓட்டத்துக்கு உரியவையாகவே நீடிக்கும்.

8. துணையும் முதல் நிகழ்ச்சியும்

துணையோடு ஓடுவது பலருக்கு உதவுகிறது. காத்திருக்கும் ஒருவரை ஏமாற்ற மனம் வராது. ஆனால் துணை உங்கள் வேகத்துக்கு இறங்கி வருபவராக இருக்க வேண்டும். பேச்சு தானாகவே நின்றுபோகும் வேகத்தில் இழுத்துச் செல்பவரோடு ஓடுவதைவிடத் தனியே ஓடுவது நல்லது. குழுக்களில் சேர்வதற்கு முன், நடந்து ஓடும் பிரிவு உண்டா, கடைசியில் வருபவரோடு எவரேனும் இருப்பார்களா என்று கேளுங்கள். பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் பார்க்ரன் என்னும் 5 கிலோமீட்டர் நிகழ்ச்சி இவ்வகையில் ஏற்றது. அதற்குக் கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். இணையத்தில் ஒருமுறை பதிவுசெய்து பெறும் பார்கோடை எடுத்துச் செல்லாவிட்டால் உங்கள் நேரம் பதிவாகாது.

கட்டணம் செலுத்தும் நிகழ்ச்சிகளுக்கு எட்டாவது வாரத்துக்கு முன் பதிவுசெய்ய வேண்டாம். காயம் பட்டால் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. பதிவுசெய்யும் முன் விதிமுறைகளில் நான்கைப் படியுங்கள்: முடிக்க வேண்டிய கால எல்லை, பணம் திருப்பித் தரும் அல்லது அடுத்த ஆண்டுக்கு மாற்றும் வசதி, மருத்துவச் சான்றிதழ் தேவையா என்பது, எண் அட்டையை எப்போது, எந்த அடையாள ஆவணத்தைக் காட்டி வாங்க வேண்டும் என்பது. பல நிகழ்ச்சிகளில் எண் அட்டையை முந்தைய நாளிலேயே வாங்கிவிட வேண்டும். ஓட்ட நாள் காலையில் தர மாட்டார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணையும் உங்கள் ரத்த வகையையும் அட்டையின் பின்புறத்தில் எழுதுங்கள். அன்று புதுக் காலணி அணிய வேண்டாம். தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.

இலக்கை எட்டிய அடுத்த வாரம் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 30 நிமிடங்கள் நிற்காமல் ஓடிவிட்டோம், இனி என்ன என்ற வெறுமையில் ஓட்டத்தை விட்டுவிடுபவர்கள் குறைவல்லர். ஆகவே நிகழ்ச்சிக்குப் போவதற்கு முன்பே, அதற்கு அடுத்த வாரத்தின் 3 நாட்களையும் நேரத்தையும் மூன்றாவது பகுதியில் சொன்னபடி எழுதி வைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் ஓடும் நேரத்தைக் கூட்டாமல் 20 நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு அடுத்த வாரத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் 5 நிமிடங்கள் நீட்டிக்கத் தொடங்குங்கள்.